சொந்த விருப்பத்தின் பேரில்

நீலசந்திரா, பெங்களூரு
9-9-2024

முருகன் துணை

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை தனக்கோடி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரரும் இளவேனிலும் அவன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது? மூன்று மாதம் வாயே திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராமே. பள்ளிக்கூடக் குரூப்பில் விடிவதற்கு முன்பே மார்க் லிஸ்ட் வந்து விழுகிறது என்று போனையும் டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டீர்கள் என்று அண்ணி சொன்னார்கள். அதனால்தான் பழையபடி கடிதம்.

எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் உண்டு. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். 'ஓம் முருகா' என்று நோட்டு நோட்டாக எழுதித்தான் எழுத்துக் கற்றேன். கல்யாணமாகி வந்த புதிதில் நான் போடும் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி, அதே தாளை எனக்குத் திருப்பி அனுப்புவீர்கள். இதையும் திருத்தி அனுப்புங்கள். முருகா நோட்டு இப்போது முப்பத்தொன்பதாவது நடக்கிறது. பக்கத்துக்கு நூற்றெட்டு, ஒரு நாள் தப்பவில்லை.

இளவேனில் பத்தாவது அல்லவா? காலை ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஆறு வரை இன்னொன்று. தினம் ஒரு பரிச்சை. வீட்டில் அடுப்பங்கரை மேடையில் உட்கார்ந்து மளமளவென்று போடுகிற அதே கணக்கை, பரிச்சையில் தொடக்கூட முடியவில்லை என்கிறாள். "பேப்பரைப் பார்த்ததும் எல்லாம் வெள்ளையா ஆயிடுதும்மா" என்கிறாள். கை ஜில்லென்று இருக்கிறது. எண்பதுக்கு இருபத்திரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு என்று நான் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். கணக்கு வாத்தியாரின் மருமகள் கணக்கிலேயே பரிச்சைக்குப் பயந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பதில் போடுங்கள்.

உங்கள் குரலுக்காக வேண்டிக்கொண்டிருக்கும்,
தனக்கோடி


காவேரிப்பட்டணம்
17-9-2024

அன்புத் தங்கை கோடிக்கு ஆசிகள். நானும் சரளாவும் சுகம். உன் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று பிழை. மூன்றும் ஒரே பிழை. அது 'பரிச்சை' இல்லை அம்மா, 'பரீட்சை'. பயத்தில் 'ட்' எழுத்தைத் தின்றுவிட்டாய்.

பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு லீவு கிடையாது. ஆகவே பேசாமலே பாடம் நடத்துகிறேன். போர்டில் எழுதுவேன், தப்புப் போட்டவன் பக்கத்தில் போய் நிற்பேன். வேடிக்கை என்னவென்றால், நான் பேசாததால் பிள்ளைகளும் கிசுகிசுப்பாகத்தான் பேசுகிறார்கள். ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து, "என்ன சார், கோயில் மாதிரி இருக்கு!" என்றார். எங்கள் பள்ளி கணக்கில் இரண்டு வருஷமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. மேடையில் கூப்பிட்டு எனக்குச் சால்வை போட்டார்கள். சரளா அதை மாவு டப்பாவுக்கு உறையாகத் தைத்துவிட்டாள்.

இளவேனிலிடம் சொல். வினாத்தாள் கைக்கு வந்ததும் முதல் நிமிஷம் எழுதவே வேண்டாம். இது வேறு யாருக்கோ வந்த தாள், நாம் சும்மா எட்டிப் பார்க்கிறோம் என்று நினைத்துப் படிக்கச் சொல். அவளுக்குக் கணக்கு வரும். சின்ன வயதிலேயே என் சட்டைப் பொத்தானை எண்ணிவிட்டு, "ஒன்னு காணோம் மாமா" என்றவள்.

என்றும் உன் நலம் நாடும்,
அர்ஜுனன்


நீலசந்திரா
6-10-2024

முருகன் துணை

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். அனைவரும் நலம். அண்ணியின் முழங்கால் வலி பரவாயில்லையா? நீங்கள் சொன்ன யோசனையை இளவேனில் இரண்டு பரீட்சையில் செய்து பார்த்தாள். (இந்த முறை 'ட்'டை விழுங்கவில்லை, பாருங்கள்.) முப்பத்தொன்று வந்தது. அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு தாய்மார்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இவளுடைய வகுப்பு டீச்சர் சுப்ரியா மிஸ், கணக்கும் அவர்தான். தங்கமான பெண், வீட்டில் கன்னடம், நம்மிடம் தமிழ். ஒரு தாளை நீட்டி, "அக்கா, இங்க ஒரு சைன். சும்னே" என்றார். சும்னே என்றால் இந்த ஊரில் சும்மா. "என்னதுங்க மிஸ் இது?" என்று கேட்டேன். "இளவேனில் நல்லதுக்குத்தான் அக்கா" என்று கன்னடத்தில் கடகடவென்று படித்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பேசும் கன்னடம் எனக்குப் புரியும். அது ஏதோ கோர்ட்டுக் கன்னடம். ஒரே ஒரு சொல்தான் காதில் நின்றது. 'ஸ்வ இச்சையிந்த'. இச்சா சக்தி என்றால் நம் வள்ளியம்மை அல்லவா? அவள் பெயர் வருகிற தாள் கெட்டதாக இருக்காது என்று தோன்றியது. எனக்கு முன்னால் இருந்த அம்மா கட்டைவிரலை மையில் தேய்த்து வைத்தாள். நான் அந்த மைப் பெட்டியைத் தள்ளிவிட்டு, தலைப்பெழுத்தோடு முழுக் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அண்ணா.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இளவேனில், "ஃபர்ஸ்ட் ராங்க் சௌம்யாவோட அம்மாவைக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? பள்ளிக்கூடத்துத் தாள்கள் உங்களுக்குத் தெரியாததா? உடனே எழுதுங்கள்.

பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
தனக்கோடி


காவேரிப்பட்டணம்
24-10-2024

அன்புத் தங்கைக்கு ஆசிகள். இங்கே விடாத மழை. சரளாவின் முழங்கால் மழைக்கு முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. தொண்டை அப்படியேதான்.

இளவேனிலுக்குப் பத்துக் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். கோபுரத்தின் உயரம், படகின் தூரம் எல்லாம். படம் வரைந்துகொண்டு போடச் சொல். படம் சரியாக வந்தால் பாதிக் கணக்கு முடிந்தது.

நீ கேட்டது. எனக்குக் கன்னடம் தெரியாதே, கோடி. பள்ளிக்கூடங்கள் எத்தனையோ தாளில் கையெழுத்து வாங்கும். அதிகம் யோசிக்காதே. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

அர்ஜுனன்


நீலசந்திரா
2-11-2024

முருகன் துணை

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். தீபாவளி போன சுவடு தெரியவில்லை. இளவேனில் புதுத் துணியைப் பிரிக்கவே இல்லை. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் போன கடிதம் திருத்தி வரவில்லை. பிழையே இல்லையா, அல்லது பார்க்கவே இல்லையா?

அர்த்தத்தை இளவேனிலே சொல்லிவிட்டாள். கன்னடம் படிக்கிறவளை வீட்டில் வைத்துக்கொண்டு நான் உங்களைக் கேட்டிருக்கிறேன், பாருங்கள். "ஸ்கூல் பேர்ல எம் பொண்ணு எக்ஸாம் எழுத வேணாம், தனியா எழுதிக்கட்டும்னு நீயே கேட்டுக்கிட்டதா அர்த்தம்மா. ஸ்வ இச்சைன்னா உன் சொந்த ஆசை. யாரும் கட்டாயப்படுத்தல, நீயா ஆசைப்பட்ட" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு நூற்றுக்கு நூறு வேண்டுமாம். தவறிவிடுவார்கள் என்று தோன்றுகிற பன்னிரண்டு பேரை முன்கூட்டியே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பள்ளி வழியாக எழுதினால் வருஷம் முழுக்கச் செய்த வேலைக்குப் பள்ளியே போடும் இருபது மதிப்பெண் உண்டு. தனியாக எழுதினால் அது கிடையாது. "அந்த இருபதுதாம்மா எனக்குக் கைப்பிடி" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. ஸ்கூலுக்குப் போகிறாள், வருகிறாள், நீங்கள் அனுப்பிய பத்துக் கணக்கையும் எடுக்கவே இல்லை. "நான்தான் எண்ணிக்கையிலேயே இல்லையே" என்கிறாள். இரண்டு இட்லியில் ஒன்று தட்டிலேயே இருக்கிறது. என் கையெழுத்து, அண்ணா. முப்பத்தொன்பது நோட்டு எழுதிப் பழகிய கை.

இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி பெயர்ப் பட்டியல் போய்விடும். அதற்குள் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். எந்தச் சொல் போட்டால் பள்ளிக்கூடம் மறுக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மாதிரி எழுதி அனுப்புங்கள். ஐந்து நாளில் வந்தால் நல்லது.

தனக்கோடி


காவேரிப்பட்டணம்
12-11-2024

அன்புள்ள தனக்கோடிக்கு, அண்ணி சரளா எழுதுவது. சுகம். நீ சுகமா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, நாலு வரிதான். உன் கடிதம் வந்ததிலிருந்து உங்கண்ணன் தினம் எழுத உட்காருகிறார், கிழிக்கிறார். வாய்தான் பேசக்கூடாது, கையுமா என்று கேட்டேன். முறைத்துவிட்டுப் போய்விட்டார். உனக்கும் அவருக்கும் என்ன மனத்தாங்கல்? நீ கோபித்துக்கொள்ளாதே. எப்படியும் அனுப்பவைக்கிறேன்.

சரளா


காவேரிப்பட்டணம்
15-11-2024

அன்புத் தங்கைக்கு ஆசிகள். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மாதிரிக் கடிதத்தைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். பார்த்து எழுதிக்கொள். 'முழு விவரம் அறியாமல்' என்ற சொற்களை விட்டுவிடாதே. தேதி போட மறக்காதே. தபால்காரர் வந்துவிட்டார், அவசரம்.

அர்ஜுனன்


நீலசந்திரா
19-11-2024

முருகன் துணை

அண்ணனுக்கு,

மாதிரித் தாளின் இரண்டு பக்கமும் படித்தேன்.

சிக்கனக்காரர் நீங்கள். பின்பக்கம் காலியாக இருந்தால் தாளைத் தூக்கிப் போடமாட்டீர்கள். டிராயரில் கைக்கு வந்ததை எடுத்திருக்கிறீர்கள். முன்பக்கத்தில் இருப்பது ஜெராக்ஸ், ஆனால் எழுத்து உங்களுடையது. 'ழ'வின் வாலை வேறு யாரும் அப்படி இழுத்து நான் பார்த்ததில்லை.

'................ ஆகிய நான், ஒன்பதாம் வகுப்புப் பயிலும் என் மகன் / மகள் ................ -க்குக் குடும்பச் சூழ்நிலை காரணமாக, எனது சொந்த விருப்பத்தின் பேரில், மாற்றுச் சான்றிதழ் வழங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

கீழே கோடு. கையொப்பம் / இடது கைப் பெருவிரல் ரேகை.

உங்களுக்குக் கன்னடம் தெரியாதுதான். இந்த ஒரு சொல்லுக்குக் கன்னடம் எதற்கு? சுப்ரியா மிஸ் படித்த தாளைத் தமிழில் எழுதினால் இதுதானே வருகிறது!

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 'விருப்பத்தின்' என்பதில் 'ப்' விட்டுப்போய், மேலே கூரை போட்டுச் சேர்த்திருக்கிறது. நீங்கள் பிழை விட்டு நான் பார்த்ததில்லை. எழுதும்போது கை எங்கே இடறியது?

வள்ளியிடம் அவளுடைய இச்சை என்ன என்று கேட்டுக்கொண்டு முருகனே மலை ஏறி வந்தான். கிழவனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பெருவிரல் வாங்கவில்லை.

இந்தத் தாளில் 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற மூன்று சொற்களைச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறேன். இளவேனில் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த பேனா. திருத்தி அனுப்புங்கள்.

எத்தனை பேர், அண்ணா? நான் எண்ணிப் பழகியவள். எண்ணிக்கையை மட்டுமாவது சொல்லுங்கள்.

தனக்கோடி


காவேரிப்பட்டணம்
24-11-2024

கோடி,

பதினான்கு பேர். இரண்டு வருஷத்தில்.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் பள்ளியில் கணக்கில் ஆறு பேர் தவறினார்கள். மாவட்ட ரிவ்யூ மீட்டிங்கில் குறைந்த சதவீதக்காரர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நாற்பது நிமிஷம் நின்றேன். பக்கத்தில் நின்றவர் ரிட்டையர் ஆக நாலு மாதம் இருக்கிறவர். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆறு பேரில் ஒருத்தனுக்கு ஒன்பதாவது வரை கூட்டலே வராது. அவனை நான் இருபத்தெட்டு மார்க் வரை கொண்டுவந்திருந்தேன். அதைச் சொல்ல அங்கே ஒரு கட்டமும் இல்லை. தேறினானா, இல்லையா என்று ஒரே கட்டம்தான்.

அதற்குப் பிறகு நான் பாடம் நடத்தவில்லை. எந்த ஐந்து கணக்கைப் போட்டால் முப்பத்தைந்து வரும் என்று மட்டும் நடத்தினேன். அதுவும் வராதவர்களை ஒன்பதாவது முடிவிலேயே அனுப்பிவிடலாம் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். "பேரன்ட்ஸ்க்கு எழுத வராது. நீங்க நல்லா எழுதுவீங்களே சார், ஒன்னு எழுதிக் கொடுங்க" என்றார். உதவி செய்கிறோம் என்று நினைத்தேன். அப்படி நினைக்க முடிந்தது, கோடி. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

நீ கேட்ட பிழை. முதல் தாள் விஜி என்ற பெண்ணுக்கு எழுதியது. அவள் அப்பா பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர். அவர் பெருவிரலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் தாளை எட்டிப் பார்த்து, "சார், விருப்பத்தில ஒரு 'ப்' விட்டுப்போச்சு" என்றாள். "குட்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, பெயரையும் ரேகையையும் மறைத்து அதையே ஜெராக்ஸ் எடுத்தேன். என் பிழையைக் கண்டுபிடிக்கிற அளவுக்குப் படித்த பெண்ணை, படிப்பு வராது என்று அனுப்பினேன். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "வரேன் சார்" என்றாள்.

நீ வட்டம் போட்ட தாள் என் மேஜையில் இருக்கிறது. எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை.

அர்ஜுனன்


நீலசந்திரா
1-12-2024

முருகன் துணை

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். அனைவரும் நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? அண்ணியிடம் சொல்லிவிட்டீர்களா?

உங்கள் மாதிரியை நான் பயன்படுத்தவில்லை. 'முழு விவரம் அறியாமல்' என்றால் நான் முட்டாள் என்று நானே எழுதிக் கொடுப்பது போல் இருந்தது. தமிழிலேயே என் கையால் நாலு வரி எழுதி, இருபத்தேழாம் தேதி எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் பெருவிரல் வைத்த அம்மா விவேக் நகர் பக்கம் பூக்கடை வைத்திருக்கிறாள் என்று தேடிப் பிடித்து, அந்தத் தாளின் அர்த்தத்தைச் சொன்னேன். அவள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தாள். நாலு பேரானோம்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனம்மா, நீவே சைன் மாடிதீரல்வா?" என்றார். நீங்களேதானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று. கோபம்கூட இல்லை, அலுப்புத்தான்.

"போட்டேன் மேடம். இச்சைன்னு எழுதியிருந்துச்சு. யாரோட இச்சைன்னு அன்னிக்குக் கேக்கல. இன்னிக்குக் கேக்கறேன்."

அவர் சுப்ரியா மிஸ்ஸைக் கூப்பிட்டு என் தாளைக் கன்னடத்தில் சொல்லச் சொன்னார். மிஸ் பாதி சொல்லி நிறுத்திவிட்டார். தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "மேடம், இந்த நாலு பேரையும் ரெகுலர்ல போடுங்க. நான் ரெஸ்பான்சிபிள்" என்றார்.

"யோசிச்சுப் பேசறீங்களா? உங்க லெட்டரும் என்கிட்ட இருக்கு" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா.

வெளியே வந்ததும் கேட்டேன், என்ன லெட்டர் என்று. மிஸ் சிரித்தார். "நாங்களும் சைன் பண்ணியிருக்கோம் அக்கா. வேலைக்குச் சேரும்போதே. ரிசல்ட் குறைஞ்சா ஸ்வ இச்சையிந்த ராஜினாமா பண்றேன்னு. தேதி மட்டும் காலியா இருக்கும். அவங்க போட்டுக்குவாங்க."

"அப்புறம் ஏன் மிஸ் எங்களுக்காக..."

"ஒரு வருஷமா எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் நெத்தில ஒரு பர்சன்டேஜ்தான் தெரியுது அக்கா. இப்ப உங்க எழுத்தைப் படிச்சேன். அதுல அது இல்ல."

நாலு பெயரும் பட்டியலில் போய்விட்டன. இளவேனில் அன்று உங்கள் பத்துக் கணக்கையும் எடுத்தாள். ஆறாவது கணக்கில் படகின் தூரம் தப்பாம். கேள்வியிலேயே தப்பு என்கிறாள். பாருங்கள்.

அண்ணா, அந்தத் தாளை எப்படித் திருத்துவது என்று கேட்டிருந்தீர்கள். எழுதித் திருத்தும் பிழை இல்லை அது. விஜியின் வீடு உங்களுக்குத் தெரியும்.

தனக்கோடி


காவேரிப்பட்டணம்
11-1-2025

அன்புத் தங்கை கோடிக்கு ஆசிகள். எல்லோரும் சுகமா? சரளாவிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "கிளம்புங்க, நானும் வரேன்" என்றாள்.

விஜியின் வீட்டு வாசலில் போய் நின்றேன். டாக்டர் இன்னும் பேசவிடவில்லை. நோட்டில் எழுதிக் காட்டினேன். அவள் அப்பாவுக்குப் படிக்க வராது. அவள்தான் வாங்கி அவருக்கு உரக்கப் படித்தாள். 'உங்கள் மகளுக்குப் படிப்பு வராது என்று சொன்னது பொய். அதைச் சொன்னவன் நான்.' ஒரு பரீட்சைத் தாளைப் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அவள் அப்பா என்னைப் பார்த்து, "வாத்தியாரு வாயால சொல்லக்கூடாதா?" என்றார். சரளாதான் குறுக்கே வந்து தொண்டையைப் பற்றிச் சொன்னாள். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

தனித்தேர்வராக விஜிக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. பூக்கட்டி முடித்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். பதினான்கில் ஐந்து வீட்டுக்குப் போய்வந்தேன். இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை.

ஹெட்மாஸ்டரிடம், இனிமேல் அந்தத் தாளை என் கையால் எழுதமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். "சரி, அடுத்த ரிவ்யூவுல நில்லுங்க" என்றார். நிற்கிறேன்.

படகுக் கணக்கு என் தப்புத்தான். இளவேனிலுக்கு ஒரு 'குட்'. இல்லை, அந்தச் சொல் வேண்டாம். நன்றி சொன்னதாகச் சொல்.

அர்ஜுனன்


நீலசந்திரா
6-5-2025

முருகன் துணை

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம். குரல் திரும்பிவிட்டது என்று கேட்டு நாற்பத்திரண்டாவது நோட்டை முடித்தேன். போனில் பேசியிருக்கலாம். இதைப் பேச வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் ரிசல்ட் வந்தது. கையெழுத்தைத் திரும்ப வாங்கிய நாலு பேரில் மூன்று பேர் தேறிவிட்டார்கள். இளவேனில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறிக் கணக்கில் மட்டும் நாலு மதிப்பெண் குறைந்து நின்றுவிட்டாள். பள்ளிக்கூடம் முழுக்கத் தவறியது அவள் ஒருத்தி. நூறு வராமல் போனது அவளால்தான் என்று தெருவே கணக்குப் போட்டுவிட்டது.

மறுநாள் சுப்ரியா மிஸ்ஸின் தாளில் தேதி போட்டுவிட்டார்கள்.

இளவேனிலை அதுதான் உட்காரவிடவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்கிறாள். "மிஸ் வேலை போனது என்னாலதானேம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் நோட்டில் கை ஓடவில்லை. அன்று நூற்றெட்டு எழுதவில்லை, அண்ணா. இத்தனை வருஷத்தில் முதல் முறை விட்டுப்போனது. அந்தப் பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் மிஸ்ஸே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றுவதற்குள், "காபி இருக்கா அக்கா? எங்க அந்த நாலு மார்க்காரி?" என்றார். இளவேனில் கதவுக்குப் பின்னால் நின்றாள். மிஸ் அடுப்பங்கரை மேடையைத் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். "வா. இருபத்தாறாம் தேதி ரெண்டாவது எக்ஸாம் இருக்கு. இப்ப எனக்குப் பர்சன்டேஜ் கிடையாது. ஆற அமரச் சொல்லித் தரலாம்."

"சாரி மிஸ்" என்றாள் இவள்.

"எதுக்கு? சும்னே உக்காருடி."

இன்றும் வந்தார். வேறு பள்ளிக்கூடம் கிடைத்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இளவேனில் கணக்குப் போடுகிறாள். ஆனால் நடுநடுவே பேனாவை வைத்துவிட்டு மிஸ் முகத்தைப் பார்க்கிறாள். அவள் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். வழக்கம்போல் இந்தத் தாளையும் திருத்தி அனுப்புங்கள்.

தனக்கோடி

(இதே தாளின் ஓரத்தில், சிவப்பு மையில்:)

14-5-2025. கோடி, இரண்டு மூன்று முறை படித்துவிட்டுப் பிழை ஒன்றும் இல்லை என்று மடித்தேன். விஜி கேட்டு வாங்கிப் படித்தாள். அவளுக்கு ரிசல்ட் நாளை மறுநாள். அவள் ஒரு பிழை கண்டுபிடித்தாள். கீழே எழுதுவது அவள்.

அக்கா, இளவேனில் கேட்ட வரியில் 'என்னால' என்ற சொல் தப்பு. சரியான சொல் எனக்கும் சாருக்கும் தெரியவில்லை. அதனால் அடித்து மட்டும் விட்டேன். இளவேனிலிடம் காட்டுங்கள்.